கூளம் வெட்டும் இயந்திரமும் நாம் செய்கிற தவறுகளும்

ஊட்டிப் பக்கம் ஒரு தங்கும் விடுதியின் தோட்டத்தில், பெரிய சக்கரத்தோடு ஒரு பழைய இரும்பு இயந்திரம் நிற்கிறது. பச்சையும் சிவப்புமாக பெயின்ட் அடித்து, மேலே ஒரு பூந்தொட்டியை வைத்து, ‘பதர் நீக்கும் கருவி, இங்கிலாந்து’ என்று பலகையும் மாட்டியிருக்கிறார்கள். பதரை நீக்குகிற வேலையை அது பிறந்ததிலிருந்து ஒரு நாளும் செய்ததில்லை. பலகை எழுதியவரை மட்டும் சொல்லிப் பயனில்லை, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பண்ணைக் கருவிகளைப் பற்றித் தமிழில் எழுதுகிற பலரும் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

குழப்பம் பெயரில் ஆரம்பிக்கிறது. ஆங்கிலத்தில் ‘சாஃப்’ என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். தூற்றும்போது காற்றில் பறக்கிற உமியும் பதரும் ஒன்று, மாட்டுக்கும் குதிரைக்கும் போடுவதற்காகப் பொடிப்பொடியாக நறுக்கிய பயிர்த்தாள் இன்னொன்று. ‘சாஃப் கட்டர்’ என்றால் இரண்டாவதுதான். நம்மிடம் கூளம் என்று ஒரு நல்ல சொல் இருக்கிறதே, வைக்கோல் போரடியில் உதிர்ந்து கிடக்குமே அந்தத் துண்டுதுணுக்கு, அதை வேண்டுமென்றே மூட்டைக் கணக்கில் உண்டாக்குகிற இயந்திரம் இது. ஆகவே கூளம் வெட்டி என்றோ தீவனம் நறுக்கி என்றோ சொல்லிவிடுங்கள், பதரை விட்டுவிடுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, இங்கிலாந்துப் பண்ணையில் காய்ந்து கிடக்கும் எல்லாவற்றையும் வைக்கோல் என்று மொழிபெயர்ப்பது. பூக்கும் பருவத்தில் அறுத்து வெயிலில் காயவைத்த உலர்புல் வேறு, கோதுமையோ ஓட்ஸோ கதிர் அடித்த பிறகு மிஞ்சும் தாள் வேறு. முதலாவது விலை உள்ள தீவனம். இரண்டாவது மலிவு, சத்தும் குறைவு, பாதிக்கு மேல் மாட்டின் காலடியில் படுக்கையாகப் போய்விடும். இந்த வித்தியாசம் பிடிபடவில்லை என்றால் அந்த இயந்திரத்தை ஏன் வாங்கினார்கள் என்பதே பிடிபடாது. நீளமாகப் போட்டால் மாடு நல்ல புல்லை உருவித் தின்றுவிட்டுத் தாளை மிதித்துவிடும், இரண்டையும் அரை அங்குலத்துக்கு நறுக்கிக் கலந்துவிட்டால் பொறுக்க முடியாது. பொறுக்க விடாமல் செய்வதுதான் இந்த இயந்திரத்தின் முதல் வேலை, குதிரைக்கு இன்னொரு லாபமும் உண்டு: வெறும் ஓட்ஸ் வைத்தால் சில குதிரைகள் மெல்லாமல் விழுங்கிவிடும், கூளம் கலந்து வைத்தால் மென்றுதான் ஆகவேண்டும்.

‘கண்டுபிடித்தவர் யார்?’ என்று ஒற்றைப் பெயர் தேடுவதும் வேண்டாம். ரொம்ப காலமாக இருந்தது ஒரு மரப்பெட்டிதான். நாலு காலில் நிற்கும் நீளமான தொட்டி, அதன் வாயில் ஒரு பெரிய கத்தி, ஆள் ஒரு கையால் தாளை முன்னே தள்ளி, காலால் மிதிகட்டையை அழுத்தித் தாளை இறுக்கி, மறு கையால் கத்தியை இறக்குவார், அப்புறம் மறுபடி தள்ளுவார். நாள் முழுக்க இதே. 1790-களில் ஜேம்ஸ் குக் என்பவர் சக்கரத்தின் ஆரங்களிலேயே வளைந்த கத்திகளைப் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பெட்ஃபர்ட் கோமகனின் வோபர்ன் எஸ்டேட்டில் வேலை பார்த்த ராபர்ட் சால்மன் 1797-ல் வேறொரு அமைப்பைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு இப்ஸ்விச்சில் ரான்சம்ஸ், எசெக்ஸில் பென்டால், சால்ஃபர்டில் ரிச்மண்ட் அண்டு சாண்ட்லர், செஷயரில் கோர்ன்ஸ் என்று தொழிற்சாலைக்காரர்கள் ஆளாளுக்குப் பல்சக்கரத்தையும் உருளையையும் மாற்றி மாற்றிச் செய்து, விவசாயக் கண்காட்சிகளில் பரிசுக்குப் போட்டி போட்டார்கள். நாம் இன்று பார்க்கிற வடிவம் இத்தனை பேரின் கைபட்டு வந்தது.

சரி, இயந்திரத்துக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளும்.

பலரும் அந்தப் பெரிய சக்கரத்தைக் கைப்பிடி பொருத்துவதற்காக வைத்தது என்று நினைக்கிறார்கள். அது கனமாக இருப்பதற்கு வேறு காரணம். கத்தி தாளுக்குள் நுழையும் நொடியில் எதிர்ப்பு ஏறும், வெளியே வந்ததும் சட்டென்று இறங்கும், சக்கரம் லேசாக இருந்தால் ஒவ்வொரு வெட்டிலும் சுற்றுகிறவனின் தோள்பட்டை குலுங்கும். கனத்த சக்கரம் ஓட்டத்தில் சேர்த்து வைத்த விசையை வெட்டும்போது செலவழித்து அந்தக் குலுக்கலை விழுங்கிவிடுகிறது. கத்தி வளைந்திருப்பதும் அழகுக்காக இல்லை. நேர்க்கத்தியாக இருந்தால் வாயில் உள்ள மொத்தத் தாளையும் ஒரே அடியில் வெட்ட வேண்டியிருக்கும், வளைந்த கத்தி ஒரு ஓரத்தில் தொட்டு மறு ஓரம் வரை இழுத்துக்கொண்டே போகும், அரிவாள்மணையில் கீரையை அழுத்தாமல் இழுத்து நறுக்குகிறோமே அதே சங்கதிதான்.

சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் பல் வைத்த இரண்டு உருளைகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். மேல் உருளை எடையாலோ வில்லாலோ அழுத்தப்பட்டு, தாள் அதிகமாக வந்தால் எழும்பி, குறைந்தால் இறங்கி, எப்போதும் இறுக்கமாகப் பிடித்து வாய்க்குத் தள்ளும். வெட்டின் நீளத்தைத் தீர்மானிப்பது கத்தி இல்லை, இந்த உருளைகளின் வேகம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது உருளை ஒரு அங்குலம் தள்ளுகிறது, சக்கரத்தில் இரண்டு கத்தி என்றால், அரை அங்குலத் துண்டு வரும். ஒரு கத்தியைக் கழற்றினால் ஒரு அங்குலம். பல்சக்கரத்தை மாற்றி உருளையின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் வழி செய்து வைத்திருந்தார்கள், ஏனென்றால் குதிரைக்கு வேண்டிய நீளமும் மாட்டுக்கு வேண்டிய நீளமும் ஒன்றில்லை.

இங்கேதான் பண்ணைக்காரர்கள் அன்று செய்த, பழைய இயந்திரத்தைச் சீர்செய்கிறவர்கள் இன்றும் செய்கிற ஒரு பெரிய தவறு. கத்தி மழுங்கினால் இரண்டு பக்கமும் தீட்டிவிடுவது! அந்தக் கத்திக்குச் சரிவு ஒரு பக்கம்தான். தட்டையான பக்கம் இயந்திரத்தின் வாயில் உள்ள இரும்பு விளிம்பை உரசாத குறையாக ஒட்டிப் போகவேண்டும். கத்தரிக்கோலின் இரண்டு அலகு மாதிரி. தட்டைப் பக்கத்தையும் தேய்த்துவிட்டால் நடுவில் ஒரு நூலிழை இடைவெளி விழும், தாள் வெட்டுப்படாமல் மடங்கி அந்தச் சந்தில் சொருகிக்கொள்ளும், சுற்றுகிறவன் ‘இயந்திரம் கனமாகிவிட்டது’ என்று எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருப்பான். கனத்துக்குக் காரணம் எண்ணெய்க் குறைவு அல்ல, அந்த இடைவெளி.

கத்திக்கு இன்னொரு எதிரி கல்லும் கம்பியும். 1870-களில் அறுவடைக் கட்டுகளைக் கம்பியால் கட்டும் இயந்திரங்கள் வந்தபோது விவசாயிகள் பயந்ததற்கு இதுவும் ஒரு காரணம், தாளோடு கம்பியும் நறுக்கப்பட்டு மாட்டின் வயிற்றுக்குள் போய்விடும். சீக்கிரமே கம்பி போய்க் கயிற்றால் கட்டும் இயந்திரம் வந்துவிட்டது.

‘எவ்வளவு பொடியாக வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது’ என்பது அடுத்த தவறு, நம் ஊர் மாட்டுப் பண்ணைகளிலும் கேட்கலாம். மாடு அசைபோடுகிற பிராணி. தாள் கொஞ்சம் நீளமாக இருந்தால்தான் அசைபோடும், அசைபோட்டால்தான் எச்சில் ஊறும், எச்சில் இறங்கினால்தான் வயிற்றில் புளிப்பு கட்டுப்படும். தூளாக்கிப் போட்டால் அந்த வேலை நின்றுவிடுகிறது. குதிரைக்கும் மிகப் பொடியான கூளம் ஆகாது, மெல்லாமல் விழுங்கி வயிற்றுவலி வரும்.

அதைவிடப் பெரிய மயக்கம், நறுக்கினால் சத்து கூடிவிடும் என்பது. இதற்கு ஆதாரமாக அடிக்கடி எடுத்துக் காட்டப்படுவது லண்டன் ஜெனரல் ஆம்னிபஸ் கம்பெனியின் கணக்கு. 1855-ல் தொடங்கிய இந்த கம்பெனி, ஆரம்ப ஆண்டுகளிலேயே சுமார் 6000 குதிரைகளை வைத்து பஸ் ஓட்டியது. பழைய முறைப்படி ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு 19 ராத்தல் (ஒரு ராத்தல் சுமார் 450 கிராம்) முழு ஓட்ஸும் 13 ராத்தல் நறுக்காத உலர்புல்லும், ஆக 32 ராத்தல். புது முறையில் 16 ராத்தல் நசுக்கிய ஓட்ஸ், ஏழரை ராத்தல் நறுக்கிய உலர்புல், இரண்டரை ராத்தல் நறுக்கிய தாள், ஆக 26 ராத்தல். ஒரு நாளைக்குக் குதிரைக்கு இரண்டரை பென்னி மிச்சம், அன்று 240 பென்னி ஒரு பவுண்டு என்பதால் மொத்தக் குதிரைகளுக்கும் 60 பவுண்டுக்கு மேல். இதைப் படித்தவுடன் கூளம் வெட்டிக்கு மாலை போடத் தோன்றும். ஆனால் கணக்கைத் திரும்பப் பாருங்கள். ஓட்ஸை நசுக்கியிருக்கிறார்கள், அளவையும் குறைத்திருக்கிறார்கள், விலையுள்ள புல்லில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துவிட்டு மலிவான தாளைச் சேர்த்திருக்கிறார்கள், நறுக்கவும் செய்திருக்கிறார்கள். இத்தனையும் ஒரே நேரத்தில் மாறும்போது மிச்சத்தை எதன் கணக்கில் எழுதுவது? என் வாசிப்பில், வெட்டியதால் வீணாவது நின்றது, தாளைக் கலந்து தின்னவைக்க முடிந்தது, அவ்வளவுதான். தாளின் சத்து நறுக்குவதற்கு முன் எவ்வளவோ பின்னும் அவ்வளவே.

தாளையே கொஞ்சம் மாற்ற வேண்டும் என்றால் நறுக்கிய பிறகு வேறு வேலை இருந்தது. எசெக்ஸில் கிரிஷால் கிரேஞ்ச் என்ற பண்ணையில் சாமுவேல் ஜோனஸ் என்பவர், ஒரு டன் கூளத்துக்குச் சுமார் 50 கிலோ பச்சைப் பயிரை நறுக்கித் தூவி, உப்பும் போட்டு, கொட்டகையில் மிதித்து இறுக்கி வைப்பார். குவியல் மெல்லச் சூடேறி வாசம் மாறி, தாள் இளகி, மாதக்கணக்கில் கெடாமல் நின்று குளிர்காலத்துக்கு ஆகும். வேதியியலாளர் அகஸ்டஸ் வோல்க்கர் இந்தக் கூளத்தைப் பரிசோதித்து எழுதியிருக்கிறார். சாதாரணப் பண்ணைகளில் இதன் சின்ன வடிவம் ஒன்று இருந்தது: டர்னிப் கிழங்கை மசித்துக் கூளத்தோடு அடுக்கடுக்காகப் போட்டு, ஏறக்குறைய ஒரு நாள் வைத்திருந்து, வெதுவெதுப்பானதும் அள்ளிப் போடுவார்கள். நம் வீட்டு மாவு புளிப்பது போலத்தான், அவசரப்பட்டாலும் பயனில்லை, மறந்துவிட்டாலும் கெட்டுப்போகும்.

வெட்டுவதில் ஒளிந்திருக்கும் திருட்டுத்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீளமான புல்லைக் கையில் எடுத்தால் நிறம் தெரியும், இலை தெரியும், பூசணம் தெரியும். நறுக்கிவிட்டால் ஒன்றும் தெரியாது. கெட்டுப்போன புல்லை நல்லதோடு சேர்த்து வெட்டி மூட்டை கட்டினால் வாங்குகிறவனுக்கு மூக்கு ஒன்றுதான் துணை. ஆஸ்திரேலியாவில் கூளத்தை மூட்டையாகவே விற்கும் வியாபாரம் பெரிதாக வளர்ந்தது, நகரத்துக் குதிரைகள் எல்லாம் அந்த மூட்டையை நம்பித்தான் இருந்தன. குதிரைக்காரன் மூட்டைக்குள் கையை முழங்கை வரை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து மோந்து பார்ப்பதற்கு வேறு காரணம் வேண்டுமா?

கிழங்கு வெட்டியையும் கூளம் வெட்டியையும் ஒன்றாக்கிவிடுவது சின்னத் தவறுதான், படங்களில் இரண்டும் கைப்பிடிச் சக்கரத்தோடு இருப்பதால் வருவது. மேலே அகன்ற கூடை போன்ற வாய் இருந்தால் அது கிழங்குக்கு. ஜேம்ஸ் கார்ட்னர் 1834-ல் காப்புரிமை பெற்று, பிறகு பான்பரியில் சாமுவேல்சன் தொழிற்சாலை ஏராளமாகச் செய்தது இந்த வகை. டர்னிப்பை விரல் விரலாக வெட்டித் தந்ததால், பல் விழுந்த கிழட்டு ஆடும் பல் மாறுகிற குட்டியும் தின்ன முடிந்தது.

கடைசியாக, நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாத தவறு. ‘கையால் சுற்றுவதுதானே, என்ன ஆகிவிடும்?’ என்பது. உருளைகள் தாளைப் பிடித்து இழுக்கின்றன என்று மேலே சொன்னேன், அவற்றுக்குத் தாளும் சட்டைக் கையும் ஒன்றுதான். தாள் ஊட்டுகிறவர் ஒருவர், சுற்றுகிறவர் இன்னொருவர், அலறல் கேட்டுக் கைப்பிடியை விட்டாலும் அந்தக் கனத்த சக்கரம் உடனே நிற்காது, குலுக்கலை விழுங்கிய அதே விசை இப்போது கையை உள்ளே கொண்டுபோகும். குதிரையையோ நீராவியையோ பூட்டினால் கேட்கவே வேண்டாம். கதிரடிக்கும் இயந்திரத்துக்குக் காப்பு வேண்டும் என்று பிரிட்டனில் 1878-லேயே சட்டம் போட்டார்கள், கூளம் வெட்டிக்கு 1897-ல்தான் வந்தது. உருளைக்குள் கை போகாதபடி வாயை அமைக்க வேண்டும், சக்கரத்தையும் கத்தியையும் மூடி வைக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். மனிதன் கையால் சுற்றுகிற இயந்திரத்தை மட்டும் விட்டுவிட்டது. பஞ்சாப், அரியானா கிராமங்களில் டோக்கா என்ற பெயரில் ஓடுவது இதே உருளை, இதே வளைந்த கத்திதான், விரல் இழந்த பிள்ளைகள் அங்கே ஏராளம். நம் பக்கம் கோ-4 என்ற தீவனப் புல்லை வெட்ட மோட்டார் வைத்து ஓட்டுகிற சாஃப் கட்டரின் வாயும் வேறுவிதமாக இல்லை.

அந்த விடுதி இயந்திரத்துக்குத் திரும்பி வருகிறேன். பலகையைப் பற்றி வரவேற்பில் சொன்னேன், தலையாட்டினார்கள். அதற்குள் ஆறேழு வயதுப் பையன் ஒருவன் கைப்பிடியைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான், அவன் தங்கை இந்தப் பக்கம் நின்று வாய்க்குள் செம்பருத்தி இலையைச் சொருகிக்கொண்டிருந்தாள். பெயின்ட் அடித்தவர் கத்திகளுக்கும் சேர்த்தே அடித்திருந்தார், கழற்றவில்லை. மழுங்கியிருந்தாலும் இரும்பு இரும்புதான். பெயரைத் தப்பாக எழுதினாலும் போகட்டும், ஆரத்தோடு கத்தியைப் பிடித்திருப்பது இரண்டு மூன்று மரையாணிதான், ஒரு ஸ்பேனர் போதும். கழற்ற வரவில்லை என்றால் சக்கரத்தைச் சங்கிலி போட்டுக் கட்டிவிடுங்கள்.