பல்கலைக்கழக நூலகத்தில் முதல் ஆய்வுத் தேடல்: தாளில் தொடங்குங்கள்

முழுக் கேள்வியையும் தேடல் பெட்டியில் வாக்கியமாகத் தட்டுவதுதான் புதியவர்களை அதிகம் தடுமாற வைக்கிறது. 'தூக்கம் குறைந்தால் கல்லூரி மாணவர்களின் நினைவாற்றல் பாதிக்குமா?' என்று கேட்டால் கூகுள் எதையாவது காட்டிவிடும். ஆனால் பல நூலகத் தரவுத்தளங்கள், தட்டிய சொற்கள் எல்லாம் இருக்கும் பதிவுகளை மட்டுமே தேடும். முடிவு பூஜ்யம் என்று வந்தால், இந்தத் தலைப்பில் ஆய்வே நடக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

படி 1: கேள்வியைப் பிரிப்பது

ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள்: தூக்கக்குறைவு, நினைவாற்றல், மாணவர்கள். ஒவ்வொன்றின் கீழும் அதே பொருள் தரும் வேறு சொற்களை எழுதுங்கள். பெரும்பாலான தரவுத்தளங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் ஆங்கிலச் சொற்களும் வேண்டும். இதில் அவசரம் கூடாது. தூக்கம் வராத நோயும், தேர்வுக்காகக் கண் விழிப்பதும் வேறு வேறு. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்தால் உங்களுக்குத் தேவையில்லாத மருத்துவக் கட்டுரைகள் வந்து குவியும்.

படி 2: சொற்களைக் கோப்பது

ஒரே பத்தியில் உள்ள சொற்களுக்கு நடுவே 'ஆர்' (OR: ஏதாவது ஒன்று இருந்தால் போதும்), பத்திகளுக்கு நடுவே 'ஆண்ட்' (AND: எல்லாமே இருக்க வேண்டும்). புரிவதற்காகத் தமிழில்:

(தூக்கக்குறைவு ஆர் கண்விழிப்பு) ஆண்ட் (நினைவாற்றல் ஆர் நினைவுகூர்தல்) ஆண்ட் மாணவர்

அடைப்புக்குறியை விடவே கூடாது. மருத்துவ ஆய்வுத் தரவுத்தளமான பப்மெட் இடமிருந்து வலமாகப் படிக்கும்; அடைப்புக்குறி இல்லாவிட்டால், கடைசி 'ஆர்'-க்குப் பின் வரும் பகுதி முன்னால் போட்ட நிபந்தனைகளுக்குக் கட்டுப்படாமல் தனியாகப் பதிவுகளை அள்ளி வரும். ஆண்ட், ஆர் இரண்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்டுங்கள்.

ஆயிரக்கணக்கில் வந்தால் தலைப்பிலும் சுருக்கத்திலும் மட்டும் தேடுங்கள். பத்துக்கும் குறைவா? மூன்றாவது பத்தியை எடுத்துவிட்டுப் பாருங்கள். பொருத்தமான ஒரு கட்டுரை கிடைத்ததும் அதன் பதிவில் உள்ள பொருள் தலைப்புகளை (கட்டுரை எதைப் பற்றியது என்று தரவுத்தளம் இட்ட குறிச்சொற்களை) குறித்துக்கொண்டு அவற்றை வைத்து மறுபடி தேடுங்கள்.

படி 3: முழுக் கட்டுரையைப் பெறுவது

பதிப்பாளர் தளம் பணம் கேட்டால் உடனே கட்டிவிடாதீர்கள். வீட்டிலிருந்து நேராக அங்கே போனால் நீங்கள் யாரென்று அந்தத் தளத்துக்குத் தெரியாது. நூலகத் தளத்தில் உள்நுழைந்து அங்கிருந்து போங்கள். ஆய்வுக் கட்டுரைகளுக்கான கூகுள் தேடலான கூகுள் ஸ்காலரின் அமைப்புகளில் 'நூலக இணைப்புகள்' பகுதியில் உங்கள் பல்கலைக்கழகத்தைச் சேர்க்கலாம். நூலகம் சந்தா கட்டாத இதழ் என்றால் நூலகங்களுக்கிடையிலான இரவல் சேவையில் விண்ணப்பியுங்கள்.

படி 4: சங்கிலியைப் பிடிப்பது

நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தால் பின்னோக்கி அதன் மேற்கோள் பட்டியலையும், முன்னோக்கி அதை மேற்கோள் காட்டியவற்றையும் பாருங்கள். ஸ்கோப்பஸ் என்ற ஆய்வுத் தரவுத்தளம், கூகுள் ஸ்காலர் இரண்டிலும் இது முடியும். சொல் தேடலில் சிக்காதவை இங்கே சிக்கும்.

அலமாரியையும் மறக்காதீர்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி முறையில் நினைவாற்றல் 153.1-இல், தூக்கம் 154.6-இல், அதே தூக்கத்தின் உடலியல் 612.821-இல். ஒரே வரிசையோடு திரும்பினால் பாதி நூல்கள் விட்டுப்போகும்.

படி 5: பதிவு

கட்டுரைகளை இலவச மென்பொருளான ஸோட்டெரோவில் சேமியுங்கள். சேமித்த உடனே ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண்ணைச் சரிபாருங்கள்; தானாக நிரம்பும் விவரங்களில் பிழை சகஜம். தேதி, தரவுத்தளம், தட்டிய சொற்கோவை, வந்த எண்ணிக்கை என நான்கையும் ஒரு அட்டவணையில் குறித்து வையுங்கள். தேடல் முட்டி நிற்கும் நாளில் நூலகரிடம் அதைக் காட்டினால், எந்தச் சொல் தவறு என்பதை அவரால் சட்டென்று சொல்ல முடியும்.