கையால் செய்த நகையைக் கழுவும் முன் திருப்பிப் பாருங்கள்

ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், அம்மாவின் கெம்பு அட்டிகையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப் போட்டேன். தங்க வளையலை அப்படித்தான் கழுவுவோம் என்பதால் யோசிக்கவே இல்லை. காய்ந்த பிறகு பார்த்தால் நடுப்பதக்கத்தில் மூன்று கற்கள் மங்கிக் கிடந்தன. கல் கெடவில்லை. அதன் பின்னால் மினுமினுப்புக்காக வைக்கும் மெல்லிய தகட்டில் தண்ணீர் இறங்கிவிட்டது.

கைவினை நகைகளில் பெரும்பாலும் முதலில் கெடுவது கண்ணுக்குத் தெரியும் பொருள் இல்லை. அதைத் தாங்கும் பசை, நூல், அரக்கு, தகடு இவைதான்.

படி 1: பின்பக்கத்தைப் பாருங்கள்

பசைத் தடம், நூல் முடிச்சு, அடைத்த பின்புறம், இதில் ஏதாவது தெரிந்தால் அந்த நகையைத் தண்ணீரில் போடக் கூடாது. வாங்கும்போதே செய்தவரிடம் கேட்டுவிடுவது இன்னும் நல்லது: என்ன பசை, மேலே வார்னிஷ் அடித்திருக்கிறதா?

படி 2: கடைசியில் போடுங்கள், முதலில் கழற்றுங்கள்

பவுடர், சென்ட், ஹேர் ஸ்ப்ரே எல்லாம் முடிந்த பிறகுதான் நகை. கழற்றியதும் பழைய வேட்டித் துணியால் வியர்வையை ஒற்றி எடுங்கள். இது ஒன்றைப் பழக்கமாக்கினாலே பாதி வேலை முடிந்தது.

படி 3: பொருளுக்கு ஏற்றபடி சுத்தம் செய்யுங்கள்

டெரகோட்டா: சுட்ட மண்ணாக இருந்தாலும் அதில் நுண்துளைகள் உண்டு, ஈரத்தை உறிஞ்சும், பெயிண்ட் உரியும். உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும். ஜிமிக்கியைக் குடையைப் பிடித்துத் தூக்காமல் கொக்கியைப் பிடித்துத் தூக்குங்கள்.

பட்டு நூல் வளையல்: தண்ணீர் படவே கூடாது. பாத்திரம் தேய்க்கும் முன் கழற்றிவிடுங்கள்.

முத்து: இது கால்சியம் கார்பனேட். எலுமிச்சையும் வினிகரும் அரித்துவிடும், பற்பசை கீறிவிடும். லேசாக ஈரமான துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள்.

வெள்ளிக் கொலுசு: காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் பட்டுத்தான் வெள்ளி கருக்கிறது. நம் வீடுகளில் விபூதியோ பற்பசையோ போட்டுத் தேய்ப்போம். பளபளக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் நகாசு வேலை கொஞ்சம் தேயும். அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். ஒரு பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரியுங்கள். அதன்மேல் கொலுசு தாளைத் தொடும்படி வையுங்கள். ஒரு மேஜைக்கரண்டி ஆப்ப சோடாவைத் தூவி, கொதித்த தண்ணீர் அரை லிட்டர் ஊற்றுங்கள். லேசாக அழுகிய முட்டை வாசனை வரும், பயப்பட வேண்டாம். கந்தகம் வெள்ளியை விட்டு விலகுகிறது, அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, சலங்கை மணிகளுக்குள் தேங்கிய நீரை உதறி, மின்விசிறிக் காற்றில் நன்றாகக் காயவிடுங்கள்.

கல், முத்து, எனாமல் வைத்த வெள்ளிக்கு இந்த முறை ஆகாது. ஆக்ஸிடைஸ்டு நகைக்கும் வேண்டவே வேண்டாம். அதில் குழிகளில் இருக்கும் கருப்பு அழுக்கில்லை, வேலைப்பாடு எடுப்பாகத் தெரிய வேண்டுமென்றே ஏற்றியது.

கெம்பு: நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகை போன்றவற்றை நடன மேடையில் போடுபவர்கள் கவனியுங்கள். வியர்வையோடு மேக்கப்பும் ஓரங்களில் படியும். மென்மையான, உலர்ந்த பிரஷ்ஷால் மட்டும் எடுங்கள். வெயிலிலோ, சூடான காருக்குள்ளோ விடாதீர்கள், அரக்கு இளகும்.

படி 4: தனித்தனியாக வையுங்கள்

வெள்ளியைக் காற்றை வெளியேற்றிய ஜிப் கவரில் போட்டு, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் சேர்த்து வையுங்கள். ரப்பர் பேண்ட் சுற்ற வேண்டாம், அதிலும் கந்தகம் இருக்கிறது. முத்தை மட்டும் கவரில் அடைக்காமல் பருத்தித் துணியில் படுக்க வையுங்கள். ஆணியில் மாட்டினால் நூல் தொய்ந்துவிடும். முத்துக்கும் முடிச்சுக்கும் நடுவே நூல் தெரிய ஆரம்பித்தால் உடனே மறுபடி கோக்கக் கொடுத்துவிடுங்கள்.

அம்மாவின் அட்டிகையில் அந்த மூன்று கற்களையும் ஆசாரி பிரித்து, புதுத் தகடு வைத்துப் பதித்துக் கொடுத்தார். இப்போது அதற்குப் பூந்திக்கொட்டை கிடையாது, பிரஷ் மட்டும்தான்.