சுகர் இருக்கறவங்க கால்ல உணர்ச்சி இருக்கான்னு வீட்லயே பாக்கறது எப்படி?

குன்னூர் குளிருக்கு ஹாட் வாட்டர் பேக்க கால்மாட்டுல போடாம யாருக்கும் தூக்கம் வராது. எங்க அம்மாவுக்கு அதுலயே பாதத்துல கொப்புளம், ஆனா சுட்டதே தெரியலங்கறாங்க. சுகர்ல கால் நரம்பு மரத்துப்போனா இப்படித்தான்னு கோயம்புத்தூர்ல பாதத்துக்குன்னே இருக்கற ஃபுட் கிளினிக்ல சொன்னாங்க.

அங்க மோனோஃபிலமென்ட்னு ஒரு நைலான் இழை, அது வளையற வரைக்கும் பாதத்துல அழுத்துவாங்க, 10 கிராம் அழுத்தம் தெரியுதான்னு பாக்க. 128 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க்னு தட்டினா அதிர்ற உலோகக் கவை, அத வெச்சு அதிர்வு தெரியுதான்னு பாப்பாங்க, பாதத்து மேல நாடியும் பாப்பாங்க. இதையெல்லாம் ஆன்லைன்ல வாங்கிட்டு இருக்காதீங்க, வீட்டுக்கு உங்க ஆள்காட்டி விரலே போதும். இதுக்கு இப்ஸ்விச் டச் டெஸ்ட்னு பேரு, இங்கிலாந்துல இப்ஸ்விச் ஆஸ்பத்திரில ஆரம்பிச்சது.

சாக்ஸ கழட்டி படுக்க வைங்க. நம்ம ஊர் குளிர்ல உங்க கைய நல்லா தேச்சு சூடு பண்ணிக்கோங்க, இல்லன்னா சில்லுனு பட்டத வெச்சே சொல்லிடுவாங்க. ரெண்டு காலயும் தொட்டு இது வலது இது இடதுன்னு சொல்லிட்டு கண்ண மூடச் சொல்லுங்க, தொட்டது தெரிஞ்சா எந்தப் பக்கம்னு அவங்க சொல்லணும். வலது கட்டைவிரல், வலது சுண்டுவிரல், இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல், அப்புறம் வலது நடுவிரல், இடது நடுவிரல். மொத்தம் 6.

எல்லாரும் சொதப்பற இடம் தொடறதுலதான். கால்விரல் நுனில ஒண்ணு ரெண்டு செகண்ட் இறகு மாதிரி பட்டா போதும், அழுத்தக்கூடாது தட்டக்கூடாது தேய்க்கக்கூடாது. பதில் வரலன்னா அந்த விரல மறுபடி தொடாதீங்க, தெரியலன்னு எழுதிட்டு அடுத்ததுக்குப் போங்க. "இப்ப தொட்டேனே தெரியலயா"ன்னு கேட்டா போச்சு, பிள்ளை மனசு கஷ்டப்படுமேன்னே ஆமாம்னுடுவாங்க.

6ல ரெண்டோ அதுக்கு மேலயோ தெரியலன்னா டாக்டர்கிட்ட காட்டணும். எல்லாம் தெரிஞ்சாலும் வருஷத்துக்கு ஒரு தடவ முழு செக்கப் வேணும். ஏற்கனவே புண்ணு இருந்தா டெஸ்ட்லாம் வேணாம், நேரா ஆஸ்பத்திரி.

செருப்புன்னா என் ஓட்டு எம்.சி.ஆர் (மைக்ரோசெல்லுலார் ரப்பர்ங்கற மெத்துன்னு இருக்கற ரப்பர்) செருப்புக்குத்தான், பாக்க சுமாரா இருக்கும், அம்மா கல்யாண வீட்டுக்கு போட மாட்டேன்னு அடம். வேலூர்ல பால் பிராண்ட்னு (Paul Brand) ஒரு டாக்டர் தொழுநோயாளிங்க காலப் பாத்துட்டு சொன்னதும் இதுதான், வலி தெரியாததாலதான் காயம் பெருசாகுதுன்னு.

அப்டேட்: கோத்தகிரில தேயிலைத் தோட்டத்துல வேலை பாக்கற அக்கா ஒருத்தங்க கமெண்ட்ல கம்பூட்ஸ் பத்தி கேட்டிருந்தாங்க. போடறதுக்கு முன்னாடி கவுத்து தட்டிட்டு உள்ள கையவிட்டு தடவிப் பாருங்க, சின்ன கல்லு இருந்தாலும் மரத்த காலுக்கு சாயங்காலம் வரைக்கும் தெரியாது. கழட்டினதும் விரல் இடுக்க ஈரமில்லாம தொடைங்க, எண்ணெய் பாதத்துக்கு தடவலாம், இடுக்குல வேணாம்.

அப்டேட் 2: ஆணிக்காலுக்கு கார்ன் பிளாஸ்டர் ஒட்டலாமான்னு நிறைய பேர் கேக்கறீங்க. சுகர் காலுக்கு வேண்டவே வேணாம், அதுல இருக்கற சாலிசிலிக் ஆசிட் நல்ல தோலயும் புண்ணாக்கிடும், பிளேடும் வைக்காதீங்க.