கியர்பாக்ஸ் மாற்றிய பின் மீட்டர் முள் அசையவில்லையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் ஓடும் பழைய கஞ்சில், சாகா கார்களுக்குப் புத்தம்புது கியர்பாக்ஸ் வாங்குவோர் அரிது. வெட்டியெடுத்த பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் கிடைப்பதை வாங்கிப் பட்டறையில் பொருத்திக்கொள்வதே வழக்கம். அப்படிப் பொருத்திய கையோடு வேகம் காட்டும் முள் பூஜ்யத்திலேயே படுத்துக்கொண்டால், உடனே மீட்டரைச் சந்தேகிக்க வேண்டாம். நேற்றுவரை ஓடிய மீட்டர் கியர்பாக்ஸ் ஏறிய அன்றே தற்செயலாகக் கெடுவது அபூர்வம் என்பதால், மெக்கானிக்கின் கை பட்ட இடங்களையே முதலில் பார்க்க வேண்டும். எடுத்த எடுப்பில் மீட்டருக்கு விலை சொல்லும் பட்டறையில் சற்று நிதானியுங்கள்.

உங்கள் வாகனம் எந்த வகை என்பதை முதலில் அறிய வேண்டும். 1985இல் வந்த முதல் சாகாவிலும் 1994இல் வந்த கஞ்சிலிலும் கியர்பாக்ஸிலிருந்து ஒரு கறுப்புக் கேபிள் நேராக மீட்டருக்குச் செல்லும். மைவி போன்ற பிற்காலக் கார்களில் கேபிள் கிடையாது. சென்சார் அனுப்பும் மின்துடிப்பைக் கொண்டே முள் நகரும்.

கேபிள் வகையில், கியர்பாக்ஸ் பக்கத்து முனையைக் கழற்றி, உள்ளே சுழலும் கம்பியின் சதுர முனையை விரல்களால் வேகமாகத் திருகுங்கள். முள் சற்றே துள்ளினால் மீட்டரும் கேபிளும் நலம். துள்ளவில்லையென்றால் கம்பி அறுந்திருக்கலாம், சதுர முனை தேய்ந்து உருண்டையாகியிருக்கலாம், அல்லது கியர்பாக்ஸை இறக்கும்போது இழுபட்டு மீட்டரின் பின்புறம் கழன்றிருக்கலாம். அடுத்து கியர்பாக்ஸைச் சோதிக்க, சமதரையில் பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கைப்பிரேக் போட்டு, நியூட்ரலில் ஒரேயொரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, அதைக் கையால் சுற்றுங்கள். இரண்டையும் தூக்கிவிட்டால் ஒன்றைச் சுற்றும்போது மற்றொன்று எதிர்த்திசையில் சுற்றும். இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் கூடு அசையாமல் நிற்பதால், நல்ல கியர்பாக்ஸும் கெட்டதுபோலத் தோன்றும். கேபிள் நுழையும் துளைக்குள் சுழற்சி தெரியவில்லையெனில், அங்குள்ள சிறிய பிளாஸ்டிக் பற்சக்கரம் இல்லை, அல்லது பல் உதிர்ந்திருக்கிறது. அது பழைய கியர்பாக்ஸிலேயே தங்கிவிடுவது மிகச் சாதாரணம். ஆகவே, "அண்ணே, பழைய பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுடாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

சென்சார் வகையில், பிளக் மாட்டப்பட்டிருக்கிறதா, செம்மண் சேறு புகுந்து பின்கள் பச்சை பூத்திருக்கின்றனவா, ஒயர் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே நசுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஃபியூஸையும் கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குச் செல்லும் எர்த் ஒயரையும் கவனியுங்கள். மூன்று ஒயர் கொண்ட, காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சாரெனில், சாவியை ஆன் செய்து, ஒரு ஒயரில் மின்சாரமும் இன்னொன்றில் எர்த்தும் வருவதை மல்டிமீட்டரால் உறுதி செய்த பின், முன்சொன்னபடி தூக்கிய சக்கரத்தை மெதுவாகச் சுற்றும்போது மூன்றாம் ஒயரின் வோல்டேஜ் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். ஏறி இறங்கினால் கோளாறு அதற்கப்பால், ஒயரிலோ மீட்டரிலோதான். இரண்டு ஒயர் கொண்டது தானே மின்சாரம் உண்டாக்கும் வகை. அதை ஏசி அளவில் சோதிக்க வேண்டும். ஆட்டோ கியர் கார்களில் கியர் மாறுவதும் தாமதமானால் இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. வேகத்தை ஏபிஎஸ் சக்கர சென்சாரிலிருந்து எடுக்கும் புதிய கார்களின் கியர்பாக்ஸில் இந்தச் சென்சாருக்கு இடமே இல்லாமலும் இருக்கலாம். அப்படியொன்றைத் தலையில் கட்டியிருந்தால் திருப்பிக் கொடுப்பதே வழி.

முள் உயிர் பெற்றுவிட்டது என்பதோடு நிறுத்தாதீர்கள். கோலகங்சார் நோக்கிச் செல்லும் முதலாம் கூட்டரசு சாலையின் கிலோமீட்டர் கற்களைக் கணக்கிட்டுப் பத்து கிலோமீட்டர் ஓட்டி, ஓடிய தூரத்தை மீட்டரோடு ஒப்பிடுங்கள். மீட்டர் பதினொன்று காட்டினால், வந்த பற்சக்கரத்தின் பற்கள் உங்கள் காருக்குக் குறைவு. 30 பல் இருந்த இடத்தில் 33 பல் சக்கரம் தேவை. பழைய பெட்டியிலிருந்ததை எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் சரியான எண்ணிக்கை அதிலேயே கிடைத்துவிடும்.