கேஜ் ஒட்டி கிராக் நீளத்த கணக்குப் போடுறது எப்படி

கப்பலூர் சிட்கோ பக்கம் பட்டறை வச்சிருக்கிற தம்பி ஒருத்தர், பெயிண்டுக்கு அடியில ஓடுற கிராக்க மெஷின நிறுத்தாம அளக்க முடியுமாண்ணேன்னு கேட்டாப்ல. முடியும், ஆனா எடுத்தவுடனே மெஷின்ல கை வைக்காதீங்க, மொதல்ல ஒரு பட்டை இரும்புல பழகுங்க.

50க்கு 10 மில்லி பட்டைய கத்தி வாட்டத்துல வைஸ்ல இறுக்குங்க. வைஸ்லருந்து ஒரு சாண் தள்ளி மேல் விளிம்புல வெட்டப்போற எடத்த குறிச்சுக்கங்க, அங்கருந்து 10 மில்லி தள்ளி ஒரு ஸ்ட்ரெயின் கேஜ் (இரும்பு நீளுறத மின்தடை மாத்தமா காட்டுற மெல்லிசான ஒட்டுத்தகடு), 150 மில்லி தள்ளி இன்னொண்ணு. எமரி போட்டு தேச்சு அசிட்டோன்ல தொடச்சுட்டுத்தான் ஒட்டணும், வெரல் பட்டா மறுபடி தொடைங்க, பாதி ரீடிங் தப்பாகுறது இந்த சோம்பேறித்தனத்துலதான். மொத கேஜுலருந்து 500 மில்லி தூரத்துல 20 கிலோ தொங்கவிட்டா அதுல சுமார் 118 மைக்ரோஸ்ட்ரெயின் (நீளத்துல பத்து லட்சத்துல 118 பங்கு நீட்சி) வரணும். 120 ஓம் கேஜுல அது 0.03 ஓம் கூட கெடையாது, மல்டிமீட்டர்ல புடிக்க முடியாது, நாலு தடைய நாலு கையா சேத்து சின்ன மாத்தத்தயும் காட்டுற வீட்ஸ்டோன் பிரிட்ஜும், அந்த சின்ன சிக்னல பெருக்கி எண்ணாக்குற எச்எக்ஸ்711 போர்டும் வேணும்.

நம்ம ஊரு வெயில் ஆட்டங்காட்டுறது இங்கதான். இரும்பு 1 டிகிரிக்கு சுமார் 12 மைக்ரோஸ்ட்ரெயின் விரியும், 10 டிகிரி ஏறுனா 120, நீங்க தொங்கவிட்ட 20 கிலோவுக்கு சமம். அதனால அதே இரும்புத் துண்டுல ஒரு டம்மி கேஜ் ஒட்டி, லோடு இல்லாம பக்கத்துலயே வச்சு பிரிட்ஜுல மெயின் கேஜுக்கு அடுத்த கைல சேத்துருங்க.

அடுத்து மாடல். கால்குலிக்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர், பொருள சின்னச் சின்ன துண்டாப் பிரிச்சு விசையக் கணக்குப் போடும், இலவசம்தான், அதுல இதே பட்டைய வரைஞ்சு கிராக் ஆழத்த 2, 4, 6னு 20 மில்லி வரைக்கும் மாத்தி மாத்தி ஓட்டி, ஒவ்வொண்ணுக்கும் மொத கேஜ் ரீடிங்க ரெண்டாவதால வகுத்து ஒரு கோடு வரைங்க. ஏன் வகுக்கணும்னா, மெஷின்ல லோடு எவ்வளவுன்னு சரியா தெரியாது, வகுத்தா அது அடிபட்டுப் போயிரும், ஆனா லோடு விழுற எடம் மாறக்கூடாது. கிராக் பக்கத்துல ரீடிங் கூடும்னு நெனப்பீங்க, விளிம்புல கொறையும்! வாய்க்கால்ல கல்லப் போட்டா தண்ணி சுத்திப் போகுமில்ல, அதே கததான், விசை கிராக் நுனிக்குக் கீழ சுத்திப் போகுது.

இப்ப எக்ஸா பிளேடால 5 மில்லி அறுத்து வெர்னியர்ல அளந்து கோட்டோட ஒப்பிடுங்க, அப்புறம் 10. ஒத்துவரலன்னா வெட்டுலருந்து கேஜுங்க இருக்குற தூரத்த மறுபடி அளந்து மாடல்ல சரிபண்ணிப் பாருங்க.

ரெண்டு மூணு மில்லி கிராக்க இந்த கேஜ் சரியா பாக்காது. இன்னொண்ணு, நெசக் கிராக் லோடு கம்மியா இருக்கறப்ப வாய மூடிக்கும், ரீடிங்குல சின்னதா தெரியும், அதனால முழு லோடு ஓடுறப்ப எடுத்த ரீடிங்க மட்டும் கணக்குல சேருங்க.