அடையாள அட்டை மட்டும் போதாது: குழந்தைக்கு ஜீவனாம்சம் கேட்கும் மாற்றுத்திறனாளிப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜீவனாம்சம் கேட்டு மனு போட வரும் மாற்றுத்திறனாளிப் பெற்றோர் பலர், அடையாள அட்டையின் நகலை இணைத்துவிட்டால் மீதியை நீதிமன்றமே புரிந்துகொள்ளும் என்று நம்பிவிடுகிறார்கள். அட்டையில் ஊனத்தின் சதவீதம் இருக்கும். அந்த ஊனத்தால் குழந்தை வளர்ப்பில் மாதாமாதம் எவ்வளவு கூடுதலாகச் செலவாகிறது என்பது இருக்காது. இளம்பிள்ளை வாதத்தால் கால் பாதிக்கப்பட்ட ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகளைப் பேருந்தில் ஏற்றி இறக்க முடியாததால் மாத வாடகைக்கு ஆட்டோ வைத்திருக்கிறார். தெருக்குழாயிலிருந்து குடம் தூக்க முடியாததால் தண்ணீர் கேன் வாங்குகிறார். மகளுக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவமனைக்குத் துணை வருபவருக்கு ஒரு நாள் கூலி கொடுக்கிறார். 'எனக்கு 60 சதவீத ஊனம், வருமானம் இல்லை' என்று மட்டும் எழுதும்போது இந்த மூன்றும் மனுவுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. தொகையை உயர்த்தக்கூடியவை இவைதான்.

வருமானம், சொத்து, கடன், மாதச் செலவு ஆகியவற்றை இரு தரப்பும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் உத்தரவிட்டது. கணவன் அல்லது மனைவியின் கடுமையான ஊனத்தையும், தொடர் கவனிப்புக்கு ஆகும் செலவையும் தொகையை நிர்ணயிக்கும்போது கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே பிரமாணப் பத்திரத்தின் செலவுப் பகுதியை அவசரத்தில் நிரப்புவது பெரிய தவறு. பள்ளிக் கட்டண ரசீது, மருந்துச் சீட்டு, ஆட்டோக்காரரிடம் எழுதி வாங்கிய துண்டுச் சீட்டு ஆகியவற்றை மாதவாரியாகச் சேர்த்து வைத்தால், 'ஏறத்தாழ' என்ற சொல்லுக்கே வேலை இருக்காது.

இதற்கு நேர் எதிரான தவறு, வருமானமே இல்லை என்று காட்டுவதற்காக அரசின் மாத உதவித்தொகையையும் வீட்டில் தைத்துக் கொடுத்து வரும் சில நூறு ரூபாயையும் மறைப்பது. உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறுகிறது; எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தப் பாஸ்புத்தகத்தைக் கேட்காமல் விடமாட்டார். அந்தச் சிறு தொகையைச் சொல்வதால் உரிமை போய்விடாது. மறைத்தது தெரிந்தால் மற்ற உண்மைகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும். யாருடைய தயவில் சாப்பாடு நடக்கிறது, அண்ணன் தருகிறாரா, அடகு வைத்த நகையா, கடனா என்பதையும் எழுதிவிட வேண்டும். 'வருமானம் இல்லாமல் இத்தனை மாதம் எப்படி வாழ்ந்தீர்கள்?' என்ற குறுக்கு விசாரணைக் கேள்விக்கு அதுவே பதில்.

ஜீவனாம்சம் கேட்க வழி செய்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு இருந்த இடத்தில், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு இருக்கிறது. மனுவில் தாய் தன் பெயரை மட்டும் போட்டுவிட்டுக் குழந்தையை உரையில் மட்டும் குறிப்பிடுவது அடிக்கடி நடக்கிறது. குழந்தையைத் தனி மனுதாரராக, தாய் மூலம் என்று சேர்த்து, அதற்கான தொகையைத் தனியாகக் கேட்பதே முறை. கூடவே, வழக்கு முடியும்வரை பணம் கிடைப்பதற்கான இடைக்கால ஜீவனாம்ச மனுவையும் போட்டாக வேண்டும். எதிர்மனுதாரருக்கு நீதிமன்ற அறிவிப்பு சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து கூடியவரை 60 நாளுக்குள் அதை முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் வாய்தாக்கள் நீளும், அதனால்தான் முதல் நாளிலேயே போடச் சொல்கிறோம். மனுத் தாக்கல் செய்த தேதியிலிருந்தே ஜீவனாம்சம் வழங்க வேண்டும் என்று மேற்சொன்ன தீர்ப்பு கூறுவதால், 'பெரியவர்கள் பேசி முடிக்கட்டும்' என்று காத்திருந்த மாதங்களுக்குப் பொதுவாக எதுவும் கிடைக்காது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தள்ளிப்போடுவதற்கு நியாயமே இல்லை. 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணில் பேசலாம்.

'அவருக்கு வேலை இல்லையாம், கேட்டு என்ன பயன்?' என்று விட்டுவிடுவது இன்னொரு தவறு. உடல்வலு உள்ள கணவர் கூலி வேலை செய்தாவது மனைவியையும் மைனர் குழந்தைகளையும் காப்பாற்றக் கடமைப்பட்டவர் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. மாற்றுத்திறனாளியாக இருப்பவர் தந்தை, சம்பாதிப்பவர் தாய் என்றாலும் வழி அடைபட்டுவிடவில்லை. இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டு தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி மைனர் குழந்தை தந்தையிடமோ தாயிடமோ பராமரிப்பைக் கோரலாம். தந்தையர் கூச்சத்தாலேயே இதைக் கேட்பதில்லை.

ஊனத்தை விரிவாக எழுதினால் குழந்தையையே பிடுங்கிக்கொள்வார்களோ என்ற அச்சத்தில் அதைப் பூசி மெழுகுபவர்களும் உண்டு. அச்சம் புரிகிறது, எதிர்த்தரப்பு அப்படி வாதிடவும் செய்யும். ஆனால் பெற்றோரின் ஊனத்தை மட்டும் காரணமாக்கிக் குழந்தையைப் பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 23ஆம் உறுப்பு சொல்கிறது. இந்தியா 2007இல் அதை ஏற்றிருக்கிறது. 'என்னால் முடியாது' என்று நிறுத்தாமல், முடியாத வேலையை யாரைக் கொண்டு, என்ன செலவில் செய்துகொள்கிறேன் என்று எழுதினால், அதுவே குழந்தை நன்றாகக் கவனிக்கப்படுவதற்கும் சான்றாகும்.

உத்தரவு கிடைத்தபின் நடக்கும் தவறுகள்தாம் அதிக இழப்பைத் தருகின்றன. தொகையைக் கையில் ரொக்கமாக வாங்காதீர்கள். கொடுத்தேன், கொடுக்கவில்லை என்ற தகராறுக்கு அது வழி திறக்கும். பணம் நின்றுபோனால் வசூலுக்கான வாரண்ட் கோரலாம். அதன் பிறகும் கட்டாதவரைச் சிறைக்கும் அனுப்பலாம். ஆனால் ஒவ்வொரு மாதத் தொகையும் செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்தால்தான் அந்தத் தொகைக்கு வாரண்ட் கிடைக்கும். 2025 ஜூன் 5 அன்று வர வேண்டிய பணம் வரவில்லையென்றால், அதற்கான மனு 2026 ஜூன் 5 வருவதற்குள் தாக்கலாகியிருக்க வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரில், அந்தக் கடைசி நாளுக்கு இரண்டு மாதம் முந்தைய தாளிலேயே குறித்து வைத்துவிடுங்கள்.