கார் சாவி தொலைந்தால் முதலில் செய்ய வேண்டியது

கார் சாவி தொலைந்துவிட்டதா? முதலில் யாரையாவது கூப்பிட்டுப் பூட்டை உடைக்கச் சொல்லாதீர்கள், கதவு திறந்தாலும் வண்டி கிளம்பாது. இப்போதைய சாவிகளின் தலைப்பகுதிக்குள் பேட்டரியே தேவைப்படாத ஒரு குட்டி சிப் இருக்கிறது, சாவியைப் போட்டுத் திருப்பும்போது சாவித் துளையைச் சுற்றியுள்ள ஆன்டெனா சுருள் அந்த சிப்புக்கு மின்சக்தி கொடுத்து அதன் அடையாள எண்ணைக் கேட்கும், எண் பொருந்தினால்தான் இம்மொபைலைசர் என்ற திருட்டுத் தடுப்புக் கருவி இன்ஜினை ஓட விடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதல் புதுக் கார்களுக்கு இது கட்டாயம்.

அதனால்தான் ரிமோட் பேட்டரி தீர்ந்தாலும் வண்டியைக் கிளப்ப முடிகிறது. பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் சாவியை அந்த பட்டனுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், பல மாடல்களில் இது வேலை செய்யும்.

சரி, புதுச் சாவி வாங்க வண்டியின் பதிவு ஆவணம், உங்கள் அடையாள அட்டை, எழுத்தும் எண்ணுமாக 17 குறிகள் கொண்ட சேசிஸ் எண் மூன்றையும் எடுத்துக்கொண்டு கார் டீலரிடம் போங்கள். அங்கே மறக்காமல் ஒன்று கேளுங்கள்: தொலைந்த சாவியை வண்டியின் நினைவகத்திலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். புதுச் சாவியை மட்டும் பதிந்துவிட்டு விட்டால் பழையதைக் கண்டெடுத்தவரும் வண்டியை ஓட்டிக்கொண்டு போகலாம், இதைப் பலர் கவனிப்பதே இல்லை. அழித்த பிறகும் பழைய சாவியின் உலோகப் பகுதி கதவைத் திறக்கும், அதனால் உள்ளே விலையுயர்ந்த பொருள் எதையும் வைக்காதீர்கள்.

அப்புறம், கையில் ஒரே ஒரு சாவிதான் இருக்கிறது என்றால் இந்த வாரமே இன்னொன்று செய்துவிடுங்கள். பல வண்டிகளில் ஒரு சாவியாவது இருக்கும்போது இன்னொன்றைப் பதிவது சுலபம், எல்லாமே தொலைந்தபின் செய்வதற்குச் செலவும் நேரமும் மிக அதிகம்.